எத்தனை மார்க் வருமுங்க?

(பவானியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநல நிதியில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொருவர் பள்ளிப் படிப்பைப் பற்றி இங்கே வந்து பேச வேண்டும் என்று எழுதிவைத்தார். பேச வருகிறவர் யாரையும் புகழ்ந்துவிட்டுப் போகக்கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனையாம். செயலாளர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது எனக்குத் தெம்பாக இருந்தது. யாரையும் புகழ்கிற நிலைமையில் நான் இல்லை. முதலில் என்னையே கொஞ்சம் கண்டித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன். முதலில் மேல்நிலைப் பள்ளியில், பிறகு கல்லூரியில். அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு ஜூன் மாதமும் என் மேஜைக்கு எதிரே பெற்றோர் வந்து உட்காருவார்கள். கோபியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள். ஒரு தாயார் என்றால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

“ஏனுங்க சார், பிரெஞ்சு எடுத்தா எத்தனை மார்க் வருமுங்க?”

முப்பத்தொரு ஆண்டுகளில் இதைத் தவிர வேறு கேள்வியை நான் கேட்டதில்லை. பிரெஞ்சு படித்தால் என்ன படிக்கலாம், எந்த ஊரில் பேசலாம், என்ன வேலைக்கு ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாயார்களைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு நாள்கூட, “அம்மணி, அதுவா முக்கியம்?” என்று திருப்பிக் கேட்டதில்லை. “நூத்தித் தொண்ணூத்தஞ்சுக்குக் குறையாதுங்க” என்றுதான் சொன்னேன். சொன்னபடி வாங்கியும் கொடுத்தேன்.

மேல்நிலைத் தேர்வில் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்கு அப்போது இரண்டு தாள், மொத்தம் 200 மதிப்பெண். தமிழில் 180 வாங்குவதற்குள் பிள்ளைக்கு நாக்குத் தள்ளிவிடும். பிரெஞ்சும் சமஸ்கிருதமும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிற பாடங்கள். 195 என்பது சாதாரணம். எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்கிறீர்களா? நண்பனுக்குக் கடிதம் என்றால் ஒரே கடிதம். விடுமுறைக்கு அழைத்தாலும் பிறந்தநாளுக்கு வாழ்த்தினாலும் நடுவில் நாலு வரி மட்டும் மாறும். மொழிபெயர்ப்புக்குப் பத்து பத்தி, அதில் ஆறு கட்டாயம் வரும். இலக்கணத்துக்கு ஓர் அட்டவணை. வாயே திறக்காமல் 197 வாங்கின பெண் என் வகுப்பில் இருந்தாள். அவளிடம் “உன் பெயர் என்ன?” என்று பிரெஞ்சில் கேட்டிருந்தால் விழித்திருப்பாள். நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, பல விடுதிப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் புத்தகத்தையே யாரும் திறக்காத காலம் அது. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புதான். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் புத்தி வந்த இடம் வகுப்பறை அல்ல, ஒரு சாப்பாட்டுக் கூடம். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி ஒன்றுக்காகப் பிரான்சுக்குப் போனேன். முதுகலைப் பட்டம் கையில். முதல் நாள் மதியம் தட்டை நீட்டி, பரிமாறுகிற அம்மாவிடம் மீன் கேட்டேன். அவர் கையை நீட்டி, பழச்சாறும் தண்ணீரும் வைத்திருந்த மேஜையைக் காட்டினார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே மேஜை. மீனுக்கும் பானத்துக்கும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒரே சொல். முதல் ஒலிதான் வேறு. ஒன்று ‘பட்டு’ என்னும்போது வருகிற ப, மற்றது ‘அன்பு’ என்னும்போது வருகிற ப. இரண்டையும் தமிழில் எழுதினால் ‘புவாஸோன்’, ‘புவாஸோன்’ என்றுதான் வரும். நம் எழுத்து அந்த வித்தியாசத்தைக் காட்டாது. காட்ட வேண்டிய தேவையும் நம் மொழிக்கு இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரிக்கு அது மீனுக்கும் மோருக்கும் உள்ள வித்தியாசம். பதினைந்து வயதுக்குள் யாராவது என் எதிரே உட்கார்ந்து, அந்த இரண்டு ஒலியையும் நூறு தடவை சொல்லவைத்துத் திருத்தியிருந்தால் அன்றைக்கு மீன் சாப்பிட்டிருப்பேன். பழச்சாறு குடித்துவிட்டு வந்தேன்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். என் ஊரும் இதுதான். கூடுதுறைக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் வீடு. தெரு முழுக்கக் குழித்தறி. காலையில் எழுந்ததும் காதில் விழுவது தறிச் சத்தம், அடுத்தது பெரியவர்களின் பேச்சு. அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கன்னடம். இரண்டு வீடு தள்ளித் தெலுங்கு. வாசலுக்கு உள்ளே ‘மனெ’, வாசலைத் தாண்டினால் ‘வீடு’. கொங்கு நாட்டு நெசவுத் தெருக்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. தேவாங்கர் தெரு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கெல்லாம் இப்படித்தான். ஜமுக்காளம் வாங்க வருகிற வடக்கத்தி வியாபாரியிடம் என் பெரியப்பா ஏதோ ஓர் இந்தியில் பேரம் பேசுவார். அதில் இலக்கணம் இருக்காது, லாபம் இருக்கும்.

அத்தனை மொழி புழங்கிய வீட்டில் வளர்ந்த எனக்கு இன்றைக்கும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா சொன்ன கதைகள் எந்த எழுத்தில் இருக்கின்றனவோ, அந்த எழுத்து எனக்குக் கோலம்போலத் தெரிகிறது. நம் மாவட்டத்திலேயே தாளவாடியில் கன்னட வழிப் பள்ளிகள் உண்டு. பவானிப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. மொழி வீட்டில் கிடந்தது, பள்ளி அதைப் பார்க்கவில்லை. நான் பிரெஞ்சுக்குப் போய் ஐரோப்பியர்களின் உச்சரிப்பைப் பழகிக்கொண்டிருந்தேன்.

மொழியைத் திட்டம் போட்டுப் படித்தவர்களும் இந்த மண்ணில் நடமாடியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயிலில், வேதநாயகி அம்மன் சன்னிதியில், கலெக்டர் வில்லியம் கேரோ 1804-ல் கொடுத்த தந்தக் கட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலைமுறைக்குச் சற்றுப் பின்னால், 1812-ல், எல்லிஸ் என்கிற அதிகாரி முன்நின்று சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்குகிற வெள்ளைக்கார இளைஞனை நேரே கச்சேரிக்கு அனுப்பாமல், அங்கே உட்காரவைத்து இந்நாட்டு மொழிகளைப் படிக்கவைத்தார்கள். பண்டிதர்கள் கற்பித்தார்கள், தேர்வு வைத்தார்கள், தேறினால்தான் முன்னேற்றம். எதற்காக என்பது தெரிந்ததுதான்: வரி வாங்க வேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும். நோக்கம் நமக்கு ஆகாததுதான். ஆனால் இன்ன மொழி, இன்ன காலம், இன்ன அளவு தேர்ச்சி, அதற்குப் பிறகு இன்ன வேலை என்று நாலையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு தொடங்கினார்கள். நம் பள்ளிகளில் நாம் ஒன்றையும் முடிவு செய்வதில்லை.

மூன்றாவது மொழி என்று நான் வாயெடுத்ததும் இந்த அவையில் பாதிப் பேருக்கு இந்தி நினைவு வரும். வரத்தான் வேண்டும். 1938-ல் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியதும், அதை எதிர்த்துச் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் உயிர்விட்டதும், 1940-ல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும், 1965 போராட்டமும், 1968 ஜனவரியில் அண்ணா சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்ததும் இந்த ஊருக்குப் புதிய சேதி அல்ல. கட்டாயத்தை எதிர்த்தது சரி என்பதே என் கட்சியும். மும்மொழித் திட்டம் என்று எழுதிவைத்த வட மாநிலங்களில் எத்தனை பள்ளியில் தமிழோ கன்னடமோ கற்பித்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஆனால் இந்தச் சண்டையில் நாம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். வேண்டாததைத் தடுப்பதில் இருந்த முனைப்பு, வேண்டியதைத் தருவதில் இல்லாமல்போனது. காசுள்ள வீட்டுப் பிள்ளை மத்திய வாரியப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே பிரெஞ்சோ ஜெர்மனோ தொடுகிறது. அந்தியூர் அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை கொரிய மொழி, ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று எட்டு மொழிகளின் பெயரை வரிசையாக எழுதிவைத்திருக்கிறது. 2019 வரைவில் இருந்த சீனம் எல்லைத் தகராறோடு காணாமல் போனது. யார் சொல்லிக்கொடுப்பது என்கிற கேள்விக்குப் பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த நம் மாநிலக் கல்விக் கொள்கை இருமொழியே போதும் என்று உறுதிசெய்தது. இரண்டு பக்கமும் கொள்கை இருக்கிறது. பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

இப்போது நடப்பது என்ன தெரியுமா? ஒரே பிள்ளைக்கு ஒரே மொழியை மூன்று தடவை விதைக்கிறோம். ஆறாம் வகுப்பில் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லித் தொடங்கி எட்டாம் வகுப்போடு நிறுத்துகிறோம். அதே பிள்ளை பதினொன்றில் மதிப்பெண்ணுக்காக மறுபடி ‘பொன்ழூர்’. கல்லூரியில் பகுதி ஒன்றுக்காக மூன்றாம் தடவை ‘பொன்ழூர்’. முளை விட்டதும் ஏரை ஓட்டி மடக்கிவிட்டு, அதே வயலில் மறுபடி விதைக்கிற விவசாயி நம் ஊரில் இருந்தால் அவனை என்ன சொல்வோம்?

இடையில் அறுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2011-ல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனமான கோதே நிலையத்துடன் ஒப்பந்தம் போட்டு, ஆறு முதல் எட்டு வரை ஜெர்மனை மூன்றாவது மொழியாகத் தந்தன. 2014-ல், கல்வியாண்டின் நடுவில், ஜெர்மனை எடுத்துவிட்டுச் சமஸ்கிருதம் என்றார்கள். சுமார் 70,000 பிள்ளைகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு சமஸ்கிருதத்துக்குத் தேர்வு இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். சமஸ்கிருதம் உயர்ந்ததா ஜெர்மன் உயர்ந்ததா என்று தொலைக்காட்சியில் இரவெல்லாம் விவாதம். இரண்டரை வருஷம் படித்த மொழி அந்தப் பிள்ளைகளின் வாயில் என்ன ஆனது என்பது விவாதத்தில் வரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீர்கள், மளிகைக் கணக்குதான்.

வாரத்துக்கு மூன்று பாடவேளை, ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். ஆக இரண்டு மணி நேரம். தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 35 வாரம் என்று வையுங்கள். 70 மணி நேரம். எட்டாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டு முடிய ஐந்து ஆண்டில் 350 மணி நேரம். இதைத்தான் ஒரு பள்ளி ஒரு பிள்ளைக்குத் தர முடியும். எழுபது மணி என்பது ஒன்றுமில்லை, மறக்கப் போதுமானது. முந்நூற்றைம்பது என்பது பெரிய தொகை.

எவ்வளவு பெரியது? ஐரோப்பாவில் மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள். 2001-லிருந்து நடைமுறையில் இருக்கும் அளவுகோல். ஜெர்மன் மொழியில் பி1 எட்ட 45 நிமிஷப் பாடவேளை 350 முதல் 650 வரை தேவை என்பது கோதே நிலையத்தின் கணக்கு. நம் 350 மணி நேரத்தை 45 நிமிஷமாக வெட்டினால் 466 வரும். அதாவது, அறுக்காமல் ஐந்து ஆண்டு கொண்டுபோனால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பவானிப் பிள்ளை பி1 வாசலில் நிற்கும். ஜெர்மனியில் செவிலியராக வேலை பார்க்க அங்கீகாரம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்து, அதற்குப் பிறகு வேலையில்லாமல் உட்கார்ந்து, கடன் வாங்கிப் பணம் கட்டி ஏ1-லிருந்து தொடங்கும் பெண்கள் இன்றைக்கு எத்தனையோ பேர். அந்தப் படிகளில் பாதிக்கு மேல் பள்ளியிலேயே ஏறியிருக்கலாம்.

ஜப்பானியமும் அப்படித்தான். ஜப்பானுக்குப் போய்க் குறிப்பிட்ட திறன் பணியாளராக வேலை செய்ய இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குக் கேட்கிற மொழித் தகுதி ஜப்பானிய மொழித் தேர்வின் என்-4 படி அல்லது அதற்கு ஈடான தேர்வு. என்-4-க்குச் சமமான பழைய மூன்றாம் நிலைக்கு அவர்களே போட்ட கணக்கு 300 மணி நேரம். நம் கையில் இருப்பது 350.

“அமெரிக்க வெளியுறவுத் துறை ஜப்பானியத்துக்கு 2,200 மணி நேரம் என்கிறதே, பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதானே?” என்று படித்தவர்கள் கேட்பார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவனை வைத்துப் போட்ட கணக்கு. அதுவும் தூதரக வேலைக்கு ஆகிற அளவு தேர்ச்சிக்கு. தமிழ்ப் பிள்ளைக்கு அதை அப்படியே போடக்கூடாது. ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறேன், மாணவர்கள் கூடவே சொல்லுங்கள்: ‘வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்.’ வதாஷி என்றால் நான். கக்கோ, பள்ளி. நி, நம்முடைய ‘கு’. இகிமாஸ், போகிறேன். நான் பள்ளிக்குப் போகிறேன். வரிசை மாறவில்லை, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது, வினைமுற்று கடைசியில். ஆங்கிலேயன் தலைகீழாக நின்று கற்கிற இடத்தில் நம் பிள்ளை காலூன்றி நிற்கிறது. கொரிய மொழியும் இதே வாக்கில்தான். சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய அறிஞர் ஒருபடி மேலே போய், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவே உண்டு என்று எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறதே, அது போதும். ஜப்பானியத்தின் ‘கஞ்சி’ எழுத்துகள் கஷ்டம்தான், இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனால் அதற்குத்தான் ஐந்து ஆண்டு.

இதை நான் சொல்வதால் எல்லோரும் ஜப்பானியம் படியுங்கள் என்று அர்த்தமில்லை. எந்த மொழி என்பதில் பெற்றோர் செலவழிக்கிற கவலையில் பாதியை எத்தனை ஆண்டு என்பதில் செலவழித்தால் நல்லது. நாலு மொழிக் கவர்ச்சி காட்டுகிற பள்ளியைவிட, ஒரே மொழியை ஒரே ஆசிரியரைக் கொண்டு ஐந்து வருஷம் நடத்துகிற பள்ளி மேல். திருப்பூருக்கு 1978-ல் ஓர் இத்தாலிக்காரர் வந்து பனியன் கேட்டதிலிருந்துதான் ஏற்றுமதி தொடங்கிற்று என்பார்கள். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இந்த மண்டலத்தில் இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிற பள்ளி ஒன்று உண்டா? அவர்கள் நம்மிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள், நாமும் ஆங்கிலத்தில் பேசினோம், இருவருக்கும் அது அந்நியம். வாங்குகிறவனின் மொழி தெரிந்தவன் விலை பேசுகிற விதமே வேறு என்பதை என் பெரியப்பா ஜமுக்காளத் திண்ணையில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்.

வேலைக்காக மட்டும் மொழி என்று நினைத்துவிடாதீர்கள். 1679-ல் அச்சான அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வாட்டிகன் நூலகத்தில் கிடந்தது. அதைக் கண்டெடுத்து 1966-ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக நம் கையில் கொடுத்தவர் தனிநாயகம் அடிகள். போர்த்துகீசியம் தெரிந்த தமிழர் என்பதால் அந்தப் புத்தகம் அவர் கண்ணில் பட்டது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு படித்திருந்ததால் காம்யுவின் ‘அந்நியன்’ ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல் நேரே தமிழுக்கு வந்தது; மதனகல்யாணியுடன் சேர்ந்து ‘குட்டி இளவரசன்’ தந்தார். நான் 195-ம் 197-ம் வாங்கிக் கொடுத்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு பிரெஞ்சுக் கதையைத் தமிழாக்கவில்லை. இது என் தொழிலுக்கு நானே போட்ட மதிப்பெண்.

எப்போது தொடங்குவது? இதில் சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துகிறார்கள். எல்.கே.ஜி.யில் பிரெஞ்சுப் பாட்டு என்று விளம்பரம் பார்க்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை தமிழில் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். அது முதல். நெசவுத் தெருக்காரனாகச் சொல்கிறேன், பாவு ஓடாமல் ஊடை போட முடியாது. 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. அதற்கு முன்னால் மெட்ரிக் பள்ளியில் தமிழ் எழுத்தே தெரியாமல் பத்தாவது முடித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் பிரெஞ்சு நடத்தியிருக்கிறேன். பெயரடை என்றால் என்ன, வினையடை என்றால் என்ன என்று எந்த மொழியிலும் அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. அந்தச் சட்டத்தால் என் வகுப்பில் கூட்டம் குறையும் என்று சக ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆறிலும் ஏழிலும் ஆங்கிலத்தை வாயால் பேசவையுங்கள். எட்டில் மூன்றாவது மொழியைத் தொடங்குங்கள், விருப்பமுள்ள பிள்ளைக்கு மட்டும். முதல் வருஷம் நோட்டே வேண்டாம். காதும் வாயும் போதும். பத்து முடியும்போது வெளியே நடக்கிற ஏ2 அல்லது என்-5 தேர்வு ஒன்றை எழுதட்டும். பதினொன்றும் பன்னிரண்டும் நீட் பயிற்சியும் பொறியியல் பயிற்சியும் பிள்ளையை விழுங்குகிற காலம் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷமும் வாரந்தோறும் விடாமல் பேச வேண்டும், கயிறு அறுபடக்கூடாது. முக்கியமாக, இந்த மொழியின் மதிப்பெண் மொத்தத்தில் சேரக் கூடாது. சேர்ந்த அன்றைக்கே என்னைப் போன்றவன் ஒரே கடிதத்தை எல்லோருக்கும் மனப்பாடம் செய்துகொடுக்க ஆரம்பித்துவிடுவான்.

ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கு ஆசிரியர் போட முடியுமா? முடியாது. இங்கேதான் சிங்கப்பூரைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே தாய்மொழியும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு, நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் உண்டு. அதற்கு மேல் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் படிக்க விரும்பித் தகுதி பெறுகிற உயர்நிலைப் பிள்ளைகள், தங்கள் பள்ளி முடிந்த பிறகு, கல்வி அமைச்சின் மொழி நிலையத்துக்குப் போகிறார்கள். 1978-லிருந்து நடக்கிறது. தமிழ் ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தான் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் தமிழ் படிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஈழத் தமிழ்ப் பெற்றோர் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தமிழ் படிக்கவைத்து, பன்னிரண்டாம் வகுப்பில் தமிழைப் பாடமாகவே எழுதவைக்கிறார்கள். அங்கே உலக மொழிகளின் பட்டியலில் நம் மொழியும் ஒன்று. ஒரு பள்ளிக்கு எட்டுப் பிள்ளை என்றால் ஆசிரியர் போட முடியாது. பத்துப் பள்ளிக்கு எண்பது பிள்ளை என்றால் போடலாம். பவானி, அம்மாபேட்டை, அந்தியூர் மூன்றுக்கும் சேர்த்து ஓர் இடம், சனிக்கிழமை மூன்று மணி நேரம். ஆண்டுக்கு 105 மணி, ஐந்து ஆண்டில் 525. பள்ளிக்குள் நடத்துவதைவிட இது கூடுதல் என்பதைக் கவனியுங்கள்.

இந்த யோசனையை ஏற்கெனவே இரண்டு இடத்தில் மனுவாகக் கொடுத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் நல்ல யோசனை என்றார்கள். இன்னோர் இடத்தில் ரசீது கொடுத்தார்கள்.

அதனால் ஒரு விஷயம் அறிவித்துவிட்டு உட்காருகிறேன். என் வீட்டு மாடியில், முன்பு பாவு சுற்றி வைத்திருந்த நீளமான அறை காலியாகக் கிடக்கிறது. ஜமுக்காளம் விரித்தால் முப்பது பிள்ளைகள் உட்காரலாம். வருகிற ஜூன் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தொடங்குகிறேன். கட்டணம் கிடையாது. மார்க்கும் கிடையாது. ஐந்து வருஷம் விடாமல் அனுப்புகிறேன் என்று பெற்றோர் ஒரு வார்த்தை கொடுத்தால் போதும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பி, ஜெர்மனோ ஜப்பானியமோ கொரிய மொழியோ தெரிந்தவர்கள் இந்த அவையில் இருந்தால், மாடியில் மதியத்துக்கு மேல் இடம் இருக்கிறது, வாருங்கள். கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க யாராவது வந்தால் முதல் பெஞ்சில் நான் உட்காருவேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, வாசலில் என் மருமகளிடம் நோட்டு இருக்கிறது.